கஞ்சித் தொட்டிகளைத் தேடி: மலையகப் பயணக் குறிப்புகள்

கண்டி, திங்கள் இரவு

இலங்கை மலையகத் தோட்டங்களில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமும் 'சிறிமா காலத்துப் பஞ்சம்', அதாவது எழுபதுகளில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் வந்த பஞ்சம், என்று சொல்லிப் பாருங்கள். பாண் வரிசை, மரவள்ளிக் கிழங்கு, எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) யார் செத்தது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். 'அப்போ யார் சோறு போட்டது?' என்று கேட்டால் மட்டும் பதில் சுருங்கிவிடும். 'கோயில்ல கஞ்சி ஊத்துனாங்க.' 'சாமிமாரு மாவு குடுத்தாங்க.' அவ்வளவுதான். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். எந்தச் சாமிமார், எங்கிருந்து வந்தார்கள், கஞ்சி ஊற்றி முடிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டறியத்தான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். கிடைத்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவதாக உத்தேசம்.

வத்தளையிலிருந்து வந்த பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சுவாங்கி, பகல் இரண்டு மணிக்குக் கண்டியில் இறக்கிவிட்டது. சாப்பிட்ட கையோடு அம்பிட்டிய ஏறினேன். குளத்தைச் சுற்றிப் போகும் பாதை மேலே மேலே வளைந்து குருமடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. 1893இல் தொடங்கிய இடம். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் குருக்களைப் பயிற்றுவிக்கப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் போட்ட அத்திவாரம். இதே கண்டிப் பகுதியில் ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரின் துறவிகள் அதற்கும் முந்தியவர்கள். 1845இலேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலமும் அதுதான்.

ஆனால் கண்டியில் துறவிகளும் பசியும் என்று பேசத் தொடங்கினால் வெள்ளைக்காரத் துறவிகளுக்கு முன்னால் ஒரு கோவாக்காரர் வந்து நின்றுவிடுகிறார். யோசேப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறியவர். 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஐந்து வருடம் கழித்து நகரத்தில் அம்மை போட்டது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் தலைநகரை விட்டு விலகிப் போனான். பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸும் அவருடைய மருமகன் முறையான கார்வாலோ சுவாமியும் அங்கேயே தங்கினார்கள். குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, செத்தவர்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மதம் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த நாளில் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அன்று எல்லாரும் அவருடைய புதுமைகளைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு இன்று வரை பெரிதாகப் படுவது வேறொன்று. கையில் காசும் இல்லை, ஊரில் செல்வாக்கும் இல்லை, சட்டப்படி இந்தத் தீவில் இருக்கவே அனுமதியில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆள் நோயாளிகளுக்குப் பிச்சையெடுத்துச் சோறு கொண்டுவந்தார் என்பதுதான் அது.

அறை குளிர்கிறது. பக்கத்து அறையில் யாரோ கிரிக்கெட் பார்க்கிறார்கள். மிச்சம் நாளை.

கண்டி, செவ்வாய்

இன்று முழுவதும் ஒரே மனிதரோடு கழிந்தது. பெயர் போட வேண்டாம் என்றார். 1974இல் ஒரு துறவற சபையில் பயிற்சியில் இருந்த பிரதர். பிறகு சபையை விட்டு வந்து, கல்யாணம் கட்டி, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேராதனைக்குப் பக்கத்தில் வீடு. நான் 'ஐயா' என்றேன். அவர் முதலில் 'நீங்க' என்றுதான் ஆரம்பித்தார். என் அப்பா பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் 'தம்பி' ஆகிவிட்டேன்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் எகிறின. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, மாவும் சீனியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோக முடியாதபடி வழியெங்கும் 'ஹால் பொல்ல' என்ற அரிசிச் சோதனைத் தடைகள். கிராமத்தவருக்குக் கொல்லையில் ஒரு பலாமரமாவது இருந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு லயத்துக் காம்பராவைத் தாண்டி ஓர் அடி நிலமில்லை. தேயிலையைத் தின்ன முடியாது. கூப்பன் மாவும் கடை மாவும்தான் உயிர். அதே நேரம் தோட்டங்களில் கிழமைக்கு மூன்று நாள், நாலு நாள் என்று வேலையைக் குறைத்தார்கள். 1972 காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததும் சேர்ந்துகொண்டன. கண்டி, கம்பளைப் பக்கத்தில் பல தோட்டங்களிலிருந்து ஆட்களைத் துரத்தினார்கள். 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் நாட்டின் பொதுவான விகிதத்தைப் போல் இருமடங்கை எட்டியது. பட்டினியால் செத்தார் என்று யாரும் எழுதவில்லை. வயிற்றோட்டம், இரத்தசோகை என்றுதான் எழுதினார்கள்.

"கண்டி மார்க்கெட்ல, பஸ் ஸ்டாண்டுல குடும்பம் குடும்பமாப் படுத்திருப்பாங்க தம்பி. கூடை சுமந்த பொம்பளைங்க. கையேந்தவே தெரியாது. பிச்சை கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, கடை வாசல்ல சும்மா நிப்பாங்க."

அவர்கள் மடத்தின் பின்பக்கம் இரண்டு அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினார்களாம். குறுணல் கிடைத்தால் குறுணல், இல்லையென்றால் கோதுமை மா. உப்பு, கொஞ்சம் கீரை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே கெட்டியாகக் கொடுக்கக் கூடாது என்பதை ஒரு தாதி வந்து சொல்லும் வரை இவர்களுக்குத் தெரியாது. பிறகு மூன்று விதமாக ஊற்றினார்கள். குழந்தைக்கும் நோயாளிக்கும் மேலே நிற்கும் தெளிவு, மற்றவர்களுக்கு நடுவில் உள்ளது, வேலைக்குப் போகிறவனுக்கு அடியில் தங்கியது. அகப்பையை எந்த ஆழத்தில் விட வேண்டும் என்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். அந்த வயசான மணிக்கட்டில் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது.

"காய்ச்சினது நாங்க இல்ல, சிஸ்டர்மார்," என்றார் தானாகவே. "நாங்க விறகு வெட்டினோம், தண்ணி தூக்கினோம், ஊத்தினோம். போட்டோவுல நாங்கதான் நிப்போம்." இந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும் இதே கதைதான். குருக்கள் பெயர் இருக்கும், ஆயர் பெயர் இருக்கும். அடுப்படியில் நின்ற கன்னியாஸ்திரிகளின் பெயர் இருக்காது.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்கே அச்சாணி. சில மாதங்களில் பிரதர்மாருக்குள்ளேயே சண்டை வந்துவிட்டதாம். ஒரு பக்கம், 'வந்தவனுக்கு ஊத்து, ஏன் வந்தான்னு கேக்காதே' என்றது. மறுபக்கம், 'ஏன் வந்தான்னு கேக்காம எவ்வளவு நாளைக்கு ஊத்துவே?' என்றது. இவர் இரண்டாவது பக்கம். அந்தப் பக்கத்துக்கு அப்போது கண்டியில் ஒரு வீடு இருந்தது. யேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதய நிலையம். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம். தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் என்ற அமைப்பும் 1974இல் அந்த வட்டத்திலிருந்துதான் எழுந்தது. தோட்டத்தில் நடப்பதைத் தேடி எழுதி வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். குடியுரிமை, சம்பளம், காணி என்று கேட்டார்கள். கஸ்பர்ஸ் பறங்கியர், அதாவது ஐரோப்பிய வழிவந்த சமூகத்தவர். தோட்டத் தமிழருக்காகப் பேச அவருக்கு எந்த உறவுக் கடனும் இல்லை. 2017இல் காலமானார்.

"அப்போ கஞ்சி ஊத்தினது வீணா ஐயா?" என்று கேட்டேன்.

கோபம் வந்துவிட்டது. "வீணுன்னு நான் சொன்னேனா? ஊத்தாம இருந்திருந்தா யாருக்குக் குடியுரிமை கேக்குறது?"

ஐயாவின் வீட்டம்மா சோறும் பொலோஸ் கறியும் போட்டார். பிஞ்சுப் பலாக்காயை இப்படி மணக்கச் சமைக்கக் கண்டிக்காரர்களால்தான் முடியும்.

மாத்தளை, புதன்

இது வழியில் இல்லாத ஊர். ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. நம் பாட்டன்மார் மலைநாட்டுக்குள் காலெடுத்து வைத்த வாசல் இது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே நடந்து மாத்தளையில் ஏறினார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் வந்தவர்கள்தான் கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அவர்களைக் கிளப்பிவிட்டதும் ஒரு பஞ்சம். 1876இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். அந்த ஆண்டுகளில் வருடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அங்கே வெள்ளைக்கார அரசு நிவாரண வேலைக்குக் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று அளந்தது. நாள் முழுக்கக் கல் உடைப்பவனுக்கு ஒரு பவுண்டு! அந்தப் பஞ்சத்துக்குப் பத்து வருடம் முன்னால், 1867இல், வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டியிருந்தார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் வந்தாலும் சாப்பாடு, என்ன சாதி என்று கேட்பதில்லை, வேலை செய்தால்தான் என்பதில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள தூரத்தை யோசித்துக்கொண்டே முத்துமாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்தேன். 108 அடி இராஜகோபுரம். 1983 கலவரத்தில் கோயில் எரிந்து மறுபடி எழுந்தது. நான் போன நேரம் நடை சாத்திவிட்டார்கள். வெளித் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செவ்விளநீர் குடித்துவிட்டுக் கண்டிக்கே திரும்பினேன்.

பொகவந்தலாவை, வெள்ளி இரவு

நேற்று எழுத ஒன்றுமில்லை. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். பஸ்ஸில் நின்றே வந்தேன், அதோடு சரி.

இன்று காலை நோர்வூட் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தேன். நண்பரின் சொந்தக்காரர்கள் இருக்கும் தோட்டம். மேட்டு லயத்தில் வீடு. இஸ்தோப்பில் சாக்கை விரித்து அப்பாயி உட்கார்ந்திருந்தார். எண்பதுக்குப் பக்கம் இருக்கும். காதில் தண்டட்டி தொங்கிய ஓட்டை மட்டும் இருக்கிறது. "தண்டட்டி எங்க அப்பாயி?" என்று கேட்டு வைத்தேன்.

"மாவாப் போச்சு ராசா."

பஞ்சத்தில் முதலில் போனது தண்டட்டி. பிறகு பித்தளைக் குடம். பிறகு கூப்பன் புத்தகத்தையே கடையில் அடகு வைத்தார்களாம். அடகு வைத்த பிறகு அந்த வீட்டு அரிசியைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், இவர்களுக்குக் கொஞ்சம் காசு. அந்தக் காசுக்கு இரண்டு நாள் மாவு. அதே கடைக்காரரைத் திட்டவும் அப்பாயிக்கு மனசில்லை. "அந்த மனுசனும் கடன் குடுத்துக் குடுத்துக் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டாரு." காட்டுக் கிழங்கு தோண்டப் போனவர்கள், எது விஷக்கிழங்கு என்று தெரியாமல் தின்று வாயெல்லாம் வீங்கிக் கிடந்ததைச் சொன்னார். கைப்பிள்ளை ஒன்று போய்விட்டது. அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. கை மட்டும் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"கஞ்சி ஊத்துன பிரதர்மார் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ஒரு நெட்டைப் பிரதர் வருவாரு. சிங்களத்துப் புள்ள. தமிழ் அரைகுறை. கிழமைக்கு ரெண்டு நாளு, டவுன்லருந்து சாக்குல கட்டித் தூக்கியாருவாரு. கொழுந்து மடுவத்துகிட்ட வச்சி ஊத்துவாரு. பெரியசாமி கோயில் பூசாரியும் கூடமாட நிப்பாரு, வெறகு தோட்டத்தோடது."

வேதக்காரரா, சைவக்காரரா என்று பார்க்கவில்லையா என்றேன். அப்பாயி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்பாயியின் பேத்திதான் உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "அண்ணே, எங்க லயத்துல அந்தோனியார் படமும் இருக்கும், முருகன் படமும் இருக்கும். நீங்க கொழும்புல இருந்து வந்து கேக்குறீங்க."

அந்தப் பிரதரைப் பற்றி அப்பாயிக்கு நினைவிருப்பது கஞ்சியைவிட வேறொன்று. கஞ்சி ஊற்றி முடிந்ததும் அவர் போய்விடவில்லை. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே எனாமல் கோப்பையில் தானும் குடித்துவிட்டு, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போவாராம். எத்தனை பேர், எத்தனை நாள் வேலை, பிரஜாவுரிமை மனு போட்டார்களா, இந்தியாவுக்குப் பேர் கொடுத்தார்களா, போன மாதம் யார் செத்தது. எல்லாம் எழுதிக்கொள்வார். தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் காவல்காரனை விட்டுக் கொப்பியோடு தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்டா வரலாம், கொப்பி வரக் கூடாது.

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அண்டாவுக்குள்ள கொப்பியை வச்சிக் கொண்டாந்தாரு."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்பாயியும் சிரித்தார், முதல் தடவையாக.

அந்த லயத்தில் பாதிப் பேர் பிறகு இல்லாமல் போனார்கள். 1948இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதும், 1964இல் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்ததும் எல்லாருக்கும் தெரியும். போகலாமா வேண்டாமா என்று பத்து வருடம் இழுத்துக்கொண்டிருந்த குடும்பங்களைப் பஞ்சம்தான் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றியது. வேறு சிலர் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் போனார்கள். பசி தாங்காமல் அங்கே போனவர்களுக்குப் பின்னாளில் வேறு விதி காத்திருந்தது.

சாயங்காலம் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். மூன்று ரொட்டி தின்றுவிட்டு நாலாவதுக்கு மறுத்தேன். அப்பாயிக்கு அது பிடிக்கவில்லை. தின்றேன்.

தலவாக்கலை, சனி

விடிந்ததிலிருந்து மழை. பத்தனைச் சந்தியில் இறங்கி டெவன் தோட்டப் பக்கம் நடந்தேன். சுற்றுலாப் பயணிகள் நீர்வீழ்ச்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1977 மே 11ஆம் திகதி சிவனு இலட்சுமணன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் விழுந்தது இந்தத் தோட்டத்தில்தான். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப் போன நேரம், தொழிலாளர்கள் மறித்தார்கள். பஞ்சம் ஓய்ந்த கையோடு இது நடந்தது. பட்டினி கிடந்த அதே ஜனங்கள் இரண்டு மூன்று வருடத்தில் நிலத்துக்காக மறித்து நின்றார்கள். கொப்பி தூக்கிய பிரதர்மார் எந்தப் பக்கம் யோசித்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் போய், அட்டை ஏறி, மத்தியானத்தோடு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

பதுளை, ஞாயிறு

கடைசி நிறுத்தம். பதுளையைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு துறவி. லியோ நாணயக்கார, ஆசீர்வாதப்பர் சபைக்காரர், 1959 முதல் கண்டி ஆயர். 1972 டிசம்பரில் பதுளையைத் தனி மறைமாவட்டமாகப் பிரித்தபோது, பழைய வசதியான கண்டியை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத ஊவா மாகாணத்துக்கு வந்து முதல் ஆயரானார். வந்த மறுவருடமே பஞ்சம். தோட்டத்துத் தமிழரும் ஊவாவின் ஏழைச் சிங்கள விவசாயியும் ஒருசேரப் பட்டினி கிடந்த மாவட்டம் இது. குருக்கள் பங்கு மனைகளுக்குள் இருக்காமல் ஜனங்களோடு போய் வாழ வேண்டும் என்பது அவர் கட்சி. 1982இல் இறக்கும் வரை அதை விடவில்லை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்த ஒரு பாட்டையா, "அவரு பிஷப் மாதிரியே இருக்க மாட்டாரு" என்றார். பாராட்டா குறையா என்று பிடிபடவில்லை.

பூசைக்குப் பிறகு ஓர் இளம் பிரதரைப் பிடித்தேன். 2022 பொருளாதார நெருக்கடியில் பக்கத்துத் தோட்டங்களுக்கு உலருணவுப் பொதி கொண்டுபோனவர். அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது நினைவிருக்கும். நாள் சம்பளம் 1,000 ரூபா, கோதுமை மா கிலோ 300 ரூபாவுக்கு மேல். அப்படியானால் ஒரு நாள் முதுகொடியக் கொழுந்து பறித்தால் மூன்று கிலோ மா. இரசாயன உரத் தடையால் கொழுந்தும் குறைந்து போயிருந்தது. எழுபத்து நாலாம் ஆண்டுக் கணக்கும் இதுவும் அண்ணன் தம்பி.

"எனக்குப் பொதி குடுக்கிறது புடிக்கல அண்ணா," என்றார் பிரதர். "லிஸ்ட் போடணும். தலைவர்மார் ஒரு லிஸ்ட் தருவாங்க, தோட்டம் ஒண்ணு தரும், கிராம சேவகர் ஒண்ணு தருவாரு. மூணுலயும் இல்லாத குடும்பம்தான் உண்மையிலேயே பட்டினி. அதுக்கப்புறம்தான் சமைச்சுப் போடுறதுன்னு முடிவெடுத்தோம். சமைச்சாப் பசிச்சவன் மட்டும்தான் வருவான். லிஸ்ட் வேணாம்."

நெருக்கடி தணிந்த பிறகும் ஒரு தோட்டப் பாடசாலையில் காலைச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. ஐந்து நாளும் சுடச்சுட ஏதாவது. கௌப்பி, கடலை, பயற்றங்கஞ்சி. அரிசியும் பயறும் வெலிமடையிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி கொண்டுவந்து போடுகிறார், காசு பிந்தினாலும் கேட்பதில்லை. 1973இல் கெயார் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய திரிபோஷா என்ற சத்து மாவும் கிளினிக்கில் கிடைக்கிறது, ஆனால் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுப்பதை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றார். பங்கு போடாமல் என்ன செய்வார்கள்?

பேசிக்கொண்டே பாடசாலையின் சமையல் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். நாளைக்காக இரண்டு அம்மாமார் பயறு புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரதர் இன்றைக்கும் அவர்களிடம் வழக்கு வைத்தார்: பயற்றங்கஞ்சிக்குச் சீனி போட்டால் பிள்ளைகள் நிறையக் குடிக்கும். "சீனி போட்டா வயித்துல நிக்காது பிரதர். உப்பும் தேங்காய்ப்பாலுமா காய்ச்சி, ஒரு வெங்காயத்தைத் தாளிச்சுக் கொட்டினாத்தான் மத்தியானம் வரைக்கும் தாங்கும்," என்றார் மூத்தவர். "சீனி விலையும் தெரியுமா உங்களுக்கு?" என்றார் மற்றவர். பிரதர் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நான் அம்மாமார் பக்கம் சாய்ந்துவிட்டேன். மூன்றுக்கு ஒன்று. நாளைக்கு உப்புக் கஞ்சிதான்.